பொத்தானின் பின்பக்கம்

அமெரிக்காவில் 1860-களுக்குப் பிறகு ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகள் பொத்தான்களை நூலில் கோத்துச் சேர்த்தார்கள். நூலின் நுனியில் பெரிய பொத்தான் ஒன்றைக் கட்டிவிட்டு, தோழி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், விருந்துக்கு வந்தவர் என்று எல்லோரிடமும் ஆளுக்கொன்று கேட்டு வாங்குவார்கள். காசு கொடுத்து வாங்கக் கூடாது, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கக் கூடாது என்பவை விதிகள். 999 வரை தாராளமாகச் சேர்க்கலாம். ஆயிரமாவது பொத்தானை வரப்போகும் கணவன் கொண்டுவருவான் என்பது நம்பிக்கை. அவன் வருவதற்குள் ஆயிரம் நிறைந்துவிட்டால் கல்யாணமே ஆகாது என்று பயமுறுத்திய ஊர்களும் உண்டு. அந்தச் சரத்தைக் கையில் எடுத்தால் அந்தப் பெண்ணால் ஒவ்வொரு பொத்தானையும் தொட்டு, இது யார் கொடுத்தது, எந்தச் சட்டையில் இருந்தது என்று சொல்ல முடியும்.

அந்தச் சரங்களில் இன்றைக்கு முழுதாக எஞ்சியவை குறைவு. பூச்சி அரித்தோ நூல் இற்றோ போனவை சில. மற்றவற்றை வெட்டிப் பிரித்தவர்கள், பொத்தான்களை உயிராக நேசித்த பிற்காலச் சேகரிப்பாளர்கள்தான். கண்ணாடியைக் கண்ணாடியோடும் பித்தளையைப் பித்தளையோடும் சேர்த்து அட்டையில் தைக்க வேண்டுமென்றால் சரத்தை அறுக்காமல் முடியாது. அறுத்ததும் பொத்தானின் பொருள், வயது, செய்த ஊர் ஆகியவை வெளிச்சத்துக்கு வந்தன. கொடுத்தவரின் பெயர் போய்விட்டது.

பழைய பொத்தான் சேகரிப்பு என்ற பொழுதுபோக்கை மொத்தமாக எடைபோட முனையும் எவரும் இந்தக் கத்தரிக்கோலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. நூறு ஆண்டுகளாக இவர்கள் திரட்டிய அறிவு பெரிது. பல்கலைக்கழகங்கள் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு துறையை இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உருவாக்கினார்கள். ஆனால் அது பொத்தானைச் செய்தவர்களைப் பற்றிய அறிவு. அணிந்தவர்களைப் பற்றிக் கேட்டால் அந்த அட்டைகளிடம் சொல்ல அதிகம் இல்லை.

பொழுதுபோக்கு ஓர் இயக்கமானது 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில். அஞ்சல்தலைக்கும் நாணயத்துக்கும் பணம் வேண்டும். பொத்தானோ எல்லார் வீட்டிலும் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. கிழிந்த துணியைக் கந்தலாக்கும்முன் பொத்தானை வெட்டி எடுத்து வைப்பது ஏழை வீடுகளின் வழக்கம் என்பதால், பாட்டி காலத்துப் பொத்தானும் அதே டப்பாவின் அடியில் இருந்தது. 1938-இல் டேவ் எல்மன் நடத்திய அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு பெண்மணி தம் பொத்தான்களைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் பலரும் தங்கள் வீட்டு டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். அதே ஆண்டில் சிகாகோவில் தேசியப் பொத்தான் சங்கம் பிறந்தது. பிரிட்டனில் இதற்கிணையான சங்கம் அமைய 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கர்கள் முந்திக்கொண்டது இந்த வறுமையால்தான் என்று நினைக்கிறேன். வசதியுள்ளவர் சேகரிக்கத் தொடங்கிய பொருள்களுக்கு முதலில் விலைப்பட்டியல் வந்தது. இங்கே முதலில் வந்தது வகைப்பாடு.

அந்த வகைப்பாட்டைப் பார்க்கும் வெளியாருக்குச் சிரிப்பு வரலாம். அளவால் நான்கு சாதி: முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் சிறியது, ஒன்றேகால் அங்குலம் வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது, முக்கால் அங்குலத்திலும் பாதிக்குள் அடங்கினால் மிகச் சிறியது. பிறகு பொருளால் பிரிவு, அதற்குள் செய்நேர்த்தியால் பிரிவு, அதற்குள் படத்தால் பிரிவு: விலங்கு, செடி, கட்டடம், கதைமாந்தர், விளையாட்டு என்று கிளை பிரிந்துகொண்டே போகும். சங்கம் நடத்தும் போட்டிக்கு வைப்பவர் ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குல அட்டையில், கேட்ட எண்ணிக்கையில், கேட்ட வகையில் தைத்து வைக்க வேண்டும். தலைப்புக்குப் பொருந்தாத பொத்தான் ஒன்று புகுந்துவிட்டால் நடுவர் அதன் பக்கத்தில் சிறு சிவப்பு வட்டம் ஒட்டிவிடுவார். அதற்கு அவர்களுக்குள் பெயர் தட்டம்மை. இந்தக் கெடுபிடி பயனுள்ளது. தட்டம்மைக்குப் பயந்தே தலைமுறை தலைமுறையாக மக்கள் மாட்டெலும்பையும் யானைத்தந்தத்தையும், கொம்பையும் ரப்பரையும் வேறுபடுத்தக் கற்றார்கள். சாலி லஸ்கோம்ப் 1967-இல் வெளியிட்ட கலைக்களஞ்சியமும், எலிசபெத் ஹியூஸும் மரியன் லெஸ்டரும் 1981-இல் கொண்டுவந்த பெரும்புத்தகமும் இந்தப் பயிற்சியில் விளைந்தவை. ஆடை வரலாறு எழுதும் அருங்காட்சியகத்தார் இன்றும் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள்.

கற்றுத் தேர்ந்த சேகரிப்பாளரிடம் ஒரு பொத்தானைக் கொடுத்தால் முன்பக்கத்தைப் பார்க்கும்முன் திருப்பிப் போடுவார். முன்பக்கம் வாங்குபவரின் கண்ணுக்காகச் செய்தது. நாகரிகம் மாறினால் மாறும், ஐம்பது ஆண்டு கழித்து அதே அலங்காரம் திரும்பியும் வரும். பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்ற நினைப்பில் செய்ததால் அதில் தொழில் தன் கைவரிசையை மறைக்காமல் விட்டுவைத்திருக்கிறது. நூல் நுழையும் காது கம்பியா, தகடா, பொத்தானோடு ஒன்றாய் வார்த்ததா? கம்பியென்றால் பற்றவைத்ததா, வார்ப்புக்குள் புதைத்ததா? காதே இல்லாமல் துளையிட்டதென்றால் துளை கையால் போட்டதா, இயந்திரத்தாலா? இந்தக் கேள்விகளே பொத்தானைச் சரியான கால்நூற்றாண்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

பின்பக்கத்தில் எழுத்தும் இருக்கும். பர்மிங்காம் பட்டறைகளில் பித்தளைக்குப் பொன்முலாம் பூசிய பொத்தான்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், முலாம் பூசாததையும் பூசியதாகச் சொல்லி விற்றவர்கள் பெருகினார்கள். 1796-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உலோகப் பொத்தான்களின் உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே இயற்றியது. அந்தக் காலப் பொத்தான்களின் முதுகில் இரட்டை முலாம், மும்முலாம், உயர்ந்த நிறம் என்றெல்லாம் முத்திரைகள் காணப்படுகின்றன. ‘மும்முலாம்’ என்று இருந்தால் மூன்று முறை பூசினார்கள் என்று நம்ப வேண்டியதில்லை. நம் ஊர் பட்டுக்கடை விளம்பரத்தை எந்த அளவுக்கு நம்புவோமோ அந்த அளவுக்கு நம்பலாம். முலாம் பூசிய முறையைப் பற்றி அந்த முத்திரை ஒன்றும் சொல்லாது. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பித்தளைமேல் தடவி, சூட்டில் பாதரசத்தை ஆவியாக்கினால் தங்கம் மட்டும் படிந்து நிற்கும். ஆவியை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் பல் உதிர்வும் வந்தன. இருநூறு ஆண்டு கழித்தும் மங்காமல் மின்னும் பொத்தானுக்கு அந்த விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

எழுத்து ஏமாற்றவும் செய்யும். கறுப்பு ரப்பர் பொத்தானின் பின்னால் குட்இயர் பெயரும் 1851 என்ற ஆண்டும் பொறித்திருப்பதைக் கண்டு, ‘1851-ஆம் ஆண்டுப் பொத்தான்’ என்று விற்பவர்களும் வாங்குபவர்களும் இன்றும் உண்டு. அது நெல்சன் குட்இயர் கடின ரப்பருக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு. பொத்தான் எத்தனையோ ஆண்டு கழித்துச் செய்ததாக இருக்கலாம். ராணுவப் பொத்தான்களில் இன்னொரு குழப்பம். லண்டன் ஃபர்மின் நிறுவனம் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்கிறது. அமெரிக்காவின் வாட்டர்பரி நகரத்து ஸ்கோவில் நிறுவனத்தின் கதை 1802-இல் தொடங்குகிறது. நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துக் காலம் சொல்ல முடியாது. முகவரி எப்போது மாறியது, பங்காளி எப்போது சேர்ந்தார், எழுத்துரு எப்போது மாறியது என்று சேகரிப்பாளர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்தப் பேராசிரியரும் போட்ட பட்டியல் இல்லை அது.

பொருள்களுக்குள் இறங்கினால் ஒவ்வொன்றும் ஒரு ஊரின் வாழ்வும் சாவுமாக இருக்கிறது. இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் 1622-இல் ஏபிரகாம் கேஸ் என்பவர் தொடங்கிய நூல் பொத்தான் தொழில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கிராமத்துக் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. முதலில் ஆட்டுக்கொம்பு வில்லையின்மேல் நூல் சுற்றினார்கள். பிறகு கம்பி வளையத்தின்மேல். வயலில் உழைப்பதைவிட வீட்டில் உட்கார்ந்து பொத்தான் கட்டினால் பெண்களுக்குக் கூலி அதிகம் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், லண்டன் உலகப் பொருட்காட்சி நடந்த 1851-ஐ ஒட்டி, பொத்தான் இயந்திரம் வந்தது. சில ஆண்டுகளில் தொழில் படுத்தது. குடும்பங்கள் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போயின. இன்று ஒரு டார்செட் சக்கரப் பொத்தான் சேகரிப்பாளரின் அட்டையில் ‘நூல், கைவேலை’ என்ற தலைப்பின்கீழ் இருக்கும். சரியான தலைப்புத்தான்.

பீங்கான் பொத்தானின் கதை இதற்கு நேர்மாறு. 1840-இல் ரிச்சர்ட் பிராஸர் என்ற ஆங்கிலேயர், உலர்ந்த களிமண் பொடியை அச்சில் வைத்து அழுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பிரெஞ்சுக்காரர் ழான் பெலிக்ஸ் பாப்டெரோஸ் அந்தப் பொடியோடு பாலைக் கலந்து இளக்கி, ஒரே அழுத்தில் 500 பொத்தான் வரும்படி இயந்திரம் கட்டி, ப்ரியார் என்ற சிறு நகரத்தையே பொத்தான் நகரமாக்கினார். விலையில் போட்டிபோட முடியாமல் ஆங்கிலேயர்கள் கடையைக் கட்டினார்கள். இந்தப் பீங்கான் பொத்தான்களில் சீட்டித் துணியின் பூப்போட்ட வடிவத்தை அப்படியே அச்சிட்டு, அந்தத் துணியில் தைத்தால் கண்ணுக்கே தெரியாதபடி செய்தவை ஒரு வகை. நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருப்பதால் சேகரிப்பாளர்கள் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்தத் துணிக்கு எந்தப் பொத்தான் என்பதுதான் அதன் உயிரே. அதன் ஜோடித் துணியோடு சேர்த்து வைத்தவர்களைக் காண்பது அரிது.

சிப்பியின் கதையில் சற்று நிற்க வேண்டும். ஹாம்பர்க் பக்கத்திலிருந்து அமெரிக்கா வந்த ஜான் பெப்பல் என்ற பொத்தான் தொழிலாளி, அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள மஸ்கட்டீன் ஊரில் 1891-இல் ஆற்றுச் சிப்பியை அறுக்கத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்தால் வெளிநாட்டுப் பொத்தானின் விலை ஏறியிருந்தது, காலம் கூடிவந்தது. 1905-இல் அந்த ஒரு ஊர் 150 கோடிப் பொத்தான் செய்தது. உலகப் பொத்தான் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொண்டது. ஆண்கள் ஈரச் சிப்பியை வட்ட ரம்பத்தில் அறுக்க, பெண்கள் துளையிட, பிள்ளைகள் அட்டையில் தைத்தார்கள். கூலித் தகராறில் 1911-இல் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. இதற்குள் ஆற்றில் சிப்பி அருகிவிட்டது. அரசாங்கம் ஃபேர்போர்ட் என்ற இடத்தில் சிப்பி வளர்ப்பு நிலையம் அமைத்தது. அந்த நிலையத்துக்கு உதவப் போன பெப்பல், ஆற்றில் நடக்கையில் சிப்பி ஓடு காலைக் கிழிக்க, புண் புரையோடி 1912-இல் இறந்தார். கதையாக எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் ‘இது கொஞ்சம் ஓவர்’ என்று திருப்பி அனுப்பியிருப்பார். பிளாஸ்டிக் வந்து மிச்சத்தை முடித்தது. வட்ட வட்டமாகத் துளைத்து எறிந்த சிப்பி ஓடுகள் ஆற்றங்கரையில் இன்றும் கிடைக்கின்றன. சேகரிப்பாளர்கள் இப்போது அவற்றையும் பொறுக்குகிறார்கள். பொத்தான் வெட்டி எடுத்த பின் எஞ்சிய அந்த ஓடு, எந்தப் பொத்தானையும்விட அதிகம் பேசுகிறது.

இந்திய மண்ணிலும் இதன் தம்பி ஒருவன் உண்டு. பிகாரின் கிழக்குச் சம்பாரண் மாவட்டத்து மேஹசியில் ஆற்றுச் சிப்பியில் பொத்தான் அறுக்கும் குடிசைத் தொழில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடந்துவந்திருக்கிறது. நைலான் பொத்தானின் மலிவோடு போராடி அதுவும் நலிந்தது.

19-ஆம் நூற்றாண்டின் கறுப்புப் பொத்தானைப் பற்றிச் சொல்லாவிட்டால் சேகரிப்பாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1861-இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா அரசி சாகும்வரை துக்க உடையைக் களையவில்லை. அரண்மனை கறுப்பு உடுத்தினால் நாடும் கறுப்பு உடுத்தும். யார்க்‌ஷயர் கடற்கரையின் விட்பியில் தோண்டி எடுத்த ஜெட் என்ற கரும்பொருள், பல கோடி ஆண்டுகள் மண்ணில் புதைந்து இறுகிய மரம், துக்க நகைகளுக்கு ஏற்றது. அதன் விலை எல்லோருக்கும் கட்டுபடியாகாது. பொஹீமியாவின் கண்ணாடிப் பட்டறைகள் கறுப்புக் கண்ணாடியில் அதைப் போலவே செய்து கோடிக்கணக்கில் அனுப்பின. இன்று சந்தையில் ‘ஜெட் பொத்தான்’ என்று விற்பவை அநேகமாக அனைத்தும் கண்ணாடியே. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: கண்ணாடி சில்லிடும், ஜெட் சில்லிடாது, எடையும் இராது. உண்மையான ஜெட் பொத்தான் ஆயுளில் ஒன்று கண்டாலே பெரிது என்பார்கள்.

சேகரிப்பாளர்கள் தாமே கட்டிவிட்ட கதைகளும் ஏராளம். பித்தளைச் சல்லடை வேலைப்பாட்டின் அடியில் வெல்வெட் துணி வைத்த விக்டோரியா காலப் பொத்தான்களை ‘வாசனைப் பொத்தான்’ என்று அழைக்கிறார்கள். காதலனின் நினைவாக அந்தத் துணியில் அத்தர் தொட்டுவைத்தார்களாம். வைத்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெயர் மட்டும் மணக்கிறது. ஹைட்டியின் விடுதலைத் தலைவர் தூசான் லூவெர்த்யூரின் மேலங்கியில் இருந்தவை என்று மரபாகச் சொல்லப்படும் பதினெட்டு ஓவியப் பொத்தான்கள் நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகத்தில் உள்ளன. கரீபியத் தீவுகளின் மக்கள் உடையணிந்து உலவும் காட்சிகளை, ஓவியர் அகொஸ்தீனோ புருனியாஸின் பாணியில், சிறு வட்டத்துக்குள் தீட்டியிருக்கிறார்கள். ஓவியங்கள் அற்புதம். மேலங்கி இல்லை. இருந்திருந்தால் ‘சொல்லப்படும்’ என்ற சொல்லுக்கே வேலை இருந்திருக்காது.

கத்தரிக்கோலைப் பற்றி நான் சொல்ல வந்ததற்கு இதைவிடக் கடுமையான சாட்சிகள் உண்டு. 1812-இல் ரஷ்யக் குளிரில் நெப்போலியன் படையின் வெள்ளீயப் பொத்தான்கள் பொடிப்பொடியாக உதிர்ந்ததால்தான் படை தோற்றது என்றொரு கதை வேதியியல் வகுப்புகளில் உலவுகிறது. அந்தப் படையின் பொத்தான்கள் உண்மையில் சொன்னது வேறு. 2001-இல் லிதுவேனியாவின் வில்னியஸில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது அந்தப் படையினரின் பெருங்குழி வெளிப்பட்டது. 3,000 பேருக்கு மேல். பெயர் தெரியாத எலும்புகளை இன்ன படைப்பிரிவு என்று அடையாளம் காட்டியவை, எண் பொறித்த பொத்தான்கள். அதே பொத்தானைச் சந்தையில் வாங்கி அட்டையில் தைத்திருந்தால் அது ‘பிரெஞ்சு, ராணுவம், 19-ஆம் நூற்றாண்டு’ மட்டுமே. எலும்பின் பக்கத்தில் கிடந்ததால் ஒரு மனிதனின் முகவரி.

சிலியின் இயக்குநர் பத்ரீஸியோ குஸ்மான் 2015-இல் எடுத்த ‘முத்துப் பொத்தான்’ ஆவணப்படத்தில் வருவதும் இப்படித்தான். சிலியில் பினோசெயின் ராணுவ ஆட்சி, கொன்றவர்களின் உடல்களைத் தண்டவாளத் துண்டோடு கட்டி ஹெலிகாப்டரிலிருந்து கடலில் வீசியது. பல ஆண்டு கழித்து மேலே எடுத்த தண்டவாளம் ஒன்றில், கடற்பாசிக்கும் துருவுக்கும் நடுவே ஒரு சட்டைப் பொத்தான் ஒட்டியிருந்தது. உடல் கரைந்துபோனது, பொத்தான் வழக்குச் சாட்சியாய் நின்றது. மலிவான பொத்தான். எந்தப் போட்டியிலும் மூன்றாம் பரிசுகூட வாங்காது. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்த ஃபவுண்ட்லிங் இல்லத்தில், தாய்மார் பின்னாளில் தம் பிள்ளையை அடையாளம் காட்டித் திரும்பப் பெறுவதற்காக விட்டுச்சென்ற துணித்துண்டு, நாணயம், பொத்தான் முதலியன இன்றும் எஞ்சியிருக்கின்றன. அவற்றை அந்த இல்லத்தின் பதிவுத் தாள்களிலிருந்து பிற்காலத்தில் காட்சிக்கு வைக்கப் பிரித்தெடுத்ததால், எந்தப் பொருள் எந்தப் பிள்ளைக்கு என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் படாத பாடு பட வேண்டியிருந்தது.

சேகரிப்பாளர் தரப்பில் பதில் இருக்கிறது; அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் வெட்டியிராவிட்டால் பொத்தானும் கந்தலோடு போயிருக்கும். நிறைய ஆடைகள் ஏற்கெனவே மக்கிய பிறகு டப்பாவில் எஞ்சியவற்றைத்தான் அவர்கள் காப்பாற்றினார்கள். இது பெருமளவு உண்மை. ஆனால் கெடாத பழைய கோட்டை வாங்கி, பொத்தானை மட்டும் வெட்டிக்கொண்டு துணியைத் தள்ளிவிடுபவர்களும், முழுத் தொகுப்பாக இருந்த எட்டுப் பொத்தானை ‘ஒன்று என் அட்டைக்கு, ஏழு மாற்றிக்கொள்ள’ என்று பிரிப்பவர்களும் உண்டு. போட்டி விதியே அதைத் தூண்டுகிறது: அட்டையில் ஒவ்வொன்றும் வெவ்வேறாக இருக்க வேண்டும். முழுத் தொகுப்பைப் பிரிக்காமல் வைத்திருப்பவருக்குத் தனிப் பரிசு வைத்தால் இதில் பாதி நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கம் இந்தப் பொழுதுபோக்கு வேர்விடாததற்குக் காரணம் எளிது. வேட்டிக்கும் புடவைக்கும் பொத்தான் வேண்டாம். ஜிப்பா வந்தபோது, வெளுப்பவர் கல்லில் அடிக்கும் அடிக்குத் தைத்த பொத்தான் தாங்காது என்பதால், கழற்றி மாட்டும் பொத்தான்கள் வந்தன. வசதியுள்ளவர் அவற்றைப் பொன்னில் செய்து மெல்லிய சங்கிலியால் இணைத்து அணிந்தார். தாத்தாவின் அந்தப் பொன் பொத்தான் பேத்தியின் காதில் கம்மலாகத் தொங்குகிறது, சேகரிக்க மிச்சமில்லை. பித்தளைப் பொத்தானோ பேரீச்சம்பழக்காரருக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைப்பிரிவுகள் எண் பொறித்த பொத்தான்களை அணிந்தன. இங்கிலாந்தில் அடித்துக் கப்பலில் வந்தவை. இன்று அவற்றை வாங்கிச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில்தான் இருக்கிறார்கள். அணிந்த சிப்பாயின் ஊர் வேலூரா திருச்சியா என்று கேட்க அந்த அட்டைகளில் இடம் கிடையாது.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஆபத்தில்லாத நுழைவாயில் பிளாஸ்டிக். பெயர் ஒன்று, உள்ளே பல பொருள். 1899-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற கலலித், பாலின் புரதமான கேசீனை ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்து இறுக்கியது. பேக்கலைட்டை வெந்நீரில் நனைத்தால் பீனாயில் நெடி அடிக்கும். செல்லுலாய்டு கற்பூரம் போல மணக்கும். பழைய புத்தகங்கள் சொல்லும் சூட்டூசிச் சோதனையைச் செய்யவே கூடாது. செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். அது முதுமையில் வேறு விதமாகவும் பழிவாங்கும்: தானாகச் சிதையத் தொடங்கி, வெளிவிடும் ஆவியால் பக்கத்திலிருக்கும் உலோகப் பொத்தானைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால்தான் மூடிய டப்பாவில் எல்லாவற்றையும் கலந்து போட்டுவைக்காதீர்கள் என்று சங்கத்தார் தலைதலையாய் அடித்துக்கொள்கிறார்கள். எஃகில் பட்டைதீட்டிய பொத்தான் தண்ணீர் பட்டாலே கெடும். துடைக்க உலர்ந்த துணியும் பொறுமையும் போதும்.

1930-களின் பிளாஸ்டிக்கில் விளையாட்டுத்தனம் மிகுதி. பழம், நாய், பென்சில், கப்பல் என்று அந்தந்த வடிவத்திலேயே பொத்தான் செய்தார்கள். பஞ்சத்தில் வாங்க முடிந்த ஒரே அலங்காரம் அதுதானோ என்னவோ. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் உளவுத் துறையின் எம்ஐ-9 பிரிவு, பிடிபட்ட விமானப் படையினர் தப்பியோட உதவத் திசைகாட்டியைப் பொத்தானுக்குள் ஒளித்தது. ஜெர்மானியர் திருகிக் கழற்றக் கற்றுக்கொண்டதும் மரையை எதிர்ப்பக்கமாக மாற்றினார்கள். கழற்ற முயல்கிறவர் தானே இறுக்கிக்கொள்வார். இப்படிப்பட்டவற்றுக்குச் சந்தையில் போலிகளும் மலிந்துவிட்டன.

போலி என்று மட்டும் சொல்லித் தள்ள முடியாத ஒன்றும் இருக்கிறது. செக் நாட்டு யாப்லொனெட்ஸ் வட்டாரத்தில் பழைய அச்சுகள் சில இன்னும் பிழைத்திருக்கின்றன. அவற்றில் இன்றும் கண்ணாடிப் பொத்தான் அழுத்துகிறார்கள். அச்சு பழையது, முறை பழையது, கண்ணாடி நேற்றையது. நேர்மையான விற்பனையாளர் சொல்லி விற்பார். சொல்லாமல் இரண்டு கை மாறினால் அது பழையதாகிவிடும். பின்பக்கத்தைப் படித்துக் காலம் சொல்லும் வித்தைக்கு இது நேரடிச் சவால். ஏனென்றால் இங்கே பின்பக்கமும் அதே அச்சிலிருந்து வந்ததுதான். இதற்கு நூலகத்தில் விடையில்லை. எங்கே, யாரிடம், எந்த ஆண்டு வாங்கினேன் என்று வாங்கியவர் எழுதிவைத்த துண்டுச்சீட்டு ஒன்றே சாட்சி. அந்தச் சீட்டைப் போட்டி அட்டையின் பின்புறத்தில் ஒட்டும் வழக்கம் இன்னும் கட்டாயமாகவில்லை.

நியூயார்க்கில் டயானா எப்ஸ்டீனும் மில்லிசென்ட் சாஃப்ரோவும் 1964-இலிருந்து நடத்திய ‘டெண்டர் பட்டன்ஸ்’ என்ற கடை 2019-இல் மூடப்பட்டது. பொத்தானுக்கென்றே இருந்த அந்தக் கடையில் சுவர் முழுக்கச் சிறு பெட்டிகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளிருக்கும் பொத்தான் ஒன்று தைத்திருக்கும். வியாபாரம் இணையத்துக்கு மாறிவிட்டது. அங்கே படத்தில் காட்டுவது முன்பக்கம். பின்பக்கத்தையும் படமெடுத்துப் போடச் சொல்லி வாங்குபவர்கள் நச்சரிக்கத் தொடங்கிய பிறகுதான் விற்பவர்கள் திருந்திவருகிறார்கள். அமெரிக்கத் தேசியப் பொத்தான் சங்கத்தின் விதியில் பழையதுக்கும் புதியதுக்கும் எல்லைக்கோடு 1918. முதல் உலகப் போர் முடிந்த அந்த ஆண்டுக்குப் பின் வந்ததெல்லாம் ‘நவீனம்’. பால்புரதத்தில் செய்து, அறுபது வயதுக் கிழவியின் கோட்டில் இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் உழைத்து, தொண்ணூறு ஆண்டு கண்ட பொத்தானும் இந்தக் கணக்கில் நவீனமே. அந்த எல்லைக்கோட்டை நகர்த்த வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நகர்த்தினால் அடுக்கிவைத்த ஆயிரக்கணக்கான அட்டைகளைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும் என்பதால் மூத்தவர்கள் அசையவில்லை.